முதல்ல தண்ணி, அப்புறம் பட்டன்

2009இல், கோவையிலிருந்து ஈரோடு போகும் சாலையில் இருந்த ஒரு பொறியியல் கல்லூரியில் ஆங்கில விரிவுரையாளராகச் சேர்ந்தேன். நான் தஞ்சாவூர்ப் பக்கம். எம்.ஏ. ஆங்கில இலக்கியம்; எம்.ஃபில். ஆய்வு தாமஸ் ஹார்டியின் நாவல்கள். துறைத்தலைவர் என் கையில் கொடுத்தது முதலாண்டு மெக்கானிக்கல் வகுப்புக்கான 'டெக்னிக்கல் இங்கிலீஷ்' பாடத்திட்டம். செய்முறைக் குறிப்பு எழுதுவது, எச்சரிக்கை எழுதுவது, கிராஃபைப் பார்த்துப் பத்தி எழுதுவது, தொகைச்சொற்களை விரிப்பது, செக்லிஸ்ட் தயாரிப்பது, எட்டுப் பரிந்துரைகள், தொழிற்சாலையைச் சுற்றிப் பார்க்க அனுமதி கேட்டு மேனேஜருக்கு ஒரு கடிதம்.

"இதுல நடத்துறதுக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்டேன்.

"நடத்துறதுக்கு ஒண்ணும் இல்லம்மா. பாஸ் பண்ண வச்சாப் போதும்" என்றார்.

வகுப்பில் அறுபது பேர். பாதிக்கு மேல் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். நுழைவுத்தேர்வு நீங்கி, பிளஸ் டூ மதிப்பெண் மட்டும் போதும் என்று ஆகியிருந்த காலம். வீட்டில் முதல் பட்டதாரியாகப் போகிறவர்கள் வகுப்புக்கு இருபது பேராவது இருப்பார்கள். கணக்கில் நூற்று எண்பதுக்கு மேல் வாங்கிய பையன், "மே ஐ கம் இன்" என்று கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு கதவோரம் நிற்பான். அவர்களைப் பாஸ் பண்ண வைக்க எனக்குத் தெரிந்த ஒரே வழி, மாதிரி விடைகளைப் பலகையில் எழுதிப் போட்டு மனப்பாடம் செய்ய வைப்பது. முதல் பருவம் முழுக்க அதைத்தான் செய்தேன்.

தேர்வில் கடிதம் எழுதும்போது சொந்தப் பெயரை எழுதக் கூடாது. ஆகவே அனுப்புநர் 'ஏபிசி', பெறுநர் 'எக்ஸ்ஒய்இசட் கம்பெனி' என்று எழுதச் சொல்லிக் கொடுப்போம். அறுபது பேரும் அதே ஏபிசி. அறுபது பேரும் அதே எக்ஸ்ஒய்இசட்டுக்கு எழுதினார்கள். ஒரு பெண் உறை மேல் எழுதவேண்டிய முகவரியில் ஊர்ப் பெயரையும் 'எக்ஸ்ஒய்இசட்' என்றே போட்டுவிட்டாள். வகுப்பில் சொல்லிச் சிரித்தோம். முகம் இல்லாத ஒருவன், முகம் இல்லாத இன்னொருவனுக்கு, போகவே போகாத ஊருக்கு எழுதும் கடிதம் அது என்று அன்று எனக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் கல்லூரிப் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் வருபவர். ஹைட்ராலிக்ஸ் லேபில் உதவியாளர். மாணவர்கள் அவரை அண்ணா என்பார்கள். நானும் அப்படியே கூப்பிட்டேன். ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் படித்தவர். கோவையில் தடுக்கி விழுந்தால் பம்ப் கம்பெனி வாசலில்தான் விழ வேண்டும். அப்படி ஒரு கம்பெனியில் நெடுங்காலம் வேலை பார்த்துவிட்டு இங்கே வந்திருந்தார். நான் பேருந்தில் விடைத்தாள் திருத்துவதை ஓரிரு நாள் பார்த்தவர், "என்னங்க மேடம் பசங்களுக்குச் சொல்லித் தர்றீங்க?" என்று கேட்டார். மெஷினை எப்படி இயக்குவது என்று எழுதச் சொல்லித் தருகிறேன் என்றேன். "எந்த மெஷினுங்க?" என்றார். என்னிடம் பதில் இல்லை. "அப்ப ஒருநாள் லேபுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிக்கொண்டார்.

போனேன். கீழே தண்ணீர்த் தொட்டி, அதன் மேல் மோட்டாரும் சென்ட்ரிஃபியூகல் பம்பும், பக்கத்தில் அளவுத் தொட்டி. அதில் தண்ணீர் 10 சென்டிமீட்டர் ஏற எத்தனை வினாடி, எனர்ஜி மீட்டரின் தட்டு பத்துச் சுற்றுச் சுற்ற எத்தனை வினாடி என்று ஸ்டாப்வாட்ச்சில் பார்த்துக் குறிக்க வேண்டும். கேஜ்கள் காட்டும் அழுத்தத்தையும் அதோடு சேர்த்துப் பம்பின் திறனைக் கணக்கிடலாம். சுவரில் லேமினேட் செய்த ஓர் ஆங்கிலத் தாள். செய்முறை, ஒன்பது படிகள். தூசு படிந்திருந்தது. ஸ்டார்ட்டர் பெட்டிக்கு நேர் மேலே, பச்சைப் பொத்தானை நோக்கிக் கை நீளும் இடத்தில், சிவப்பு எனாமல் பெயின்ட்டில் நான்கே சொல்:

முதல்ல தண்ணி. அப்புறம் பட்டன்.

'தண்ணீர்' என்று எழுதியிருக்கலாமே என்றேன். நான் ஆசிரியை, வாய் சும்மா இருக்காது.

"தண்ணீர்னு எழுதுனா நோட்டீஸ்னு நெனச்சுட்டுப் படிக்க மாட்டாங்க. தண்ணின்னா எவனோ கூப்பிட்டுச் சொல்ற மாதிரி இருக்குமுங்க" என்றார்.

பிறகு காரணத்தைச் சொன்னார். இந்த வகைப் பம்புக்குக் காற்றை இழுத்து வெளியே தள்ளும் தெம்பு கிடையாது. காற்று தண்ணீரைவிட ஏறக்குறைய 800 மடங்கு லேசு. உள்ளே காற்று இருந்தால் இம்பெல்லர் சும்மா சுற்றும். தண்ணீர் மேலே ஏறாது. அதனால் முதலில் புனல் வழியாகத் தண்ணீர் ஊற்றி, ஏர் காக்கில் குமிழி வருவது நிற்கிறவரை காத்திருக்க வேண்டும். இதற்குப் பெயர் பிரைமிங். வெறும் பம்பை ஓட்டினால் இன்னொரு கேடும் உண்டு. சுற்றும் தண்டைச் சுற்றியுள்ள மெக்கானிக்கல் சீலைக் குளிர வைப்பதே அந்தத் தண்ணீர்தான். அது இல்லாவிட்டால் சீல் கொஞ்ச நேரத்தில் கருகிவிடும். அந்த லேபில் ஒரே வருஷத்தில் இரண்டு தடவை கருகியது. அதற்குப் பிறகுதான் அவர் பிரஷ்ஷைக் கையில் எடுத்தார்.

"சுவத்துல ஒன்பது படி ஒட்டியிருக்கே, அதை யாரும் படிக்கலையா?"

அவர் பதில் சொல்லாமல், மேசையில் கையெழுத்துக்காக அடுக்கியிருந்த இரண்டாமாண்டு ரெக்கார்டு நோட்டுகளில் நான்கைந்தை எடுத்து விரித்து வைத்தார். பச்சை மையில் தலைப்பு, ஸ்கேல் வைத்துக் கோடு, அச்சடித்தது போன்ற கையெழுத்து. செய்முறை என்ற தலைப்பின் கீழ் மூன்றாவது வரி: மோட்டார் இயக்கப்படுகிறது. நான்காவது வரி: பம்ப் பிரைம் செய்யப்படுகிறது. அடுத்த நோட்டிலும் அதேதான். அதற்கடுத்ததிலும்.

"அத்தனை பேரு நோட்டுலயும் மோட்டாரு முதல்ல ஓடுதுங்க மேடம். தண்ணி அப்புறம் வருது. சீனியர் நோட்டப் பாத்து எழுதறாங்க, அவன் அவனோட சீனியரப் பாத்து எழுதுனான். எந்த வருஷம் யாரு மாத்தி எழுதுனான்னு தெரியல. எல்லாத்துலயும் கையெழுத்து விழுந்திருக்கு."

நோட்டைத் திருப்பிப் பார்த்தேன். உண்மைதான். ஒவ்வொரு பக்கத்தின் கீழும் சிவப்பு மையில் கையெழுத்து, தேதி, பத்துக்கு ஒன்பது.

அன்று பேருந்தில் திரும்பும்போது எனக்கு ஒன்று புரிந்தது. இந்தப் பிள்ளைகள் பன்னிரண்டு வருஷமாகப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். ஆனால் ஒருவர் படித்து, அதன்படி ஒரு காரியம் செய்வார் என்று எண்ணி ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியதெல்லாம் திருத்துவதற்காக. திருத்துகிறவருக்கு விடை முன்பே தெரியும். எழுதியவனுக்குத் தெரிகிறதா என்று மட்டுமே அவர் பார்ப்பார். படிக்கிறவருக்கோ விடை தெரியாது. அவர் கை பொத்தானின் மேல் இருக்கும். எழுதியவன் அங்கே இருக்கமாட்டான். முன்னவருக்கு எழுதிப் பழகியவன் பின்னவருக்கு எழுத எங்கே கற்றிருப்பான்?

அடுத்த பருவத்தில், மெக்கானிக்கல் முதலாண்டிலிருந்து பன்னிரண்டு பேரை அண்ணாவின் அனுமதியோடு லேபுக்குக் கூட்டிப்போனேன். பம்பை எப்படி இயக்குவது என்று அவர் ஒருமுறை செய்து காட்டினார். டெலிவரி வால்வை மூடிவிட்டு ஸ்டார்ட் செய்தால் மோட்டார் இழுக்கும் கரன்ட் குறைவு, அதனால் அதை மூடி வைத்து, ஓட ஆரம்பித்த பிறகு மெல்லத் திறக்க வேண்டும் என்பதையும் சொன்னார். பிறகு ஆறு பேர் அதை எழுதினார்கள். செய்து காட்டியதைப் பார்க்காமல் வெளியே நின்ற மற்ற ஆறு பேர், ஆளுக்கொரு தாளை வாங்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். தாளில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் செய்ய வேண்டும் என்பது நிபந்தனை. அண்ணா மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அதன் அருகில் கைகட்டி நின்றார்.

முதல் தாளைப் பிடித்திருந்தவன் வரிசையாகப் படித்தபடி வந்தான். ஐந்தாவது வரி பச்சைப் பொத்தானை அழுத்தச் சொன்னது. அழுத்தினான். ஆறாவது வரியைப் படித்தான்: எச்சரிக்கை, தண்ணீர் இல்லாமல் மோட்டாரை ஓட்டக் கூடாது.

அண்ணா சிரிக்கவில்லை. "சீல் போச்சு" என்றார். எழுதியவன் முகத்தைப் பார்த்தேன். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் எழுதியிருந்தான். என் பழைய கணக்கில் பதினாறுக்குப் பதினான்கு.

ஆறு தாளில் நான்கு சீல் போயின. ஒன்றில் வால்வு என்று மட்டும் இருந்தது. எந்த வால்வு என்று தெரியாமல் பையன் விழித்தான். குற்றம் ஆங்கிலத்தின் மேல்தான் இருக்கும் என்று எண்ணி, மறுவாரம் தமிழில் எழுதச் சொன்னேன். நிலைமை இன்னும் மோசம். வீட்டில் 'மோட்டாரைப் போடு' என்று பேசுகிற பிள்ளைகள், 'நீரேற்றுப் பொறியானது இயக்கப்படுதல் வேண்டும்' என்று எழுதினார்கள். யார் இயக்குவது? 'நீர் ஊற்றப்பட வேண்டும்.' யார், எவ்வளவு, எதுவரை? தமிழில் இந்தப் 'படு'வைப் பேச்சில் யாரும் அவ்வளவாகப் பயன்படுத்துவதில்லை. கை காலோடு ஓர் ஆள் நின்று செய்யவேண்டிய வேலையிலிருந்து அந்த ஆளையே நீக்கிவிடும் சொல் அது. ஆங்கில ரெக்கார்டில் கற்ற தொனியை அப்படியே தமிழுக்கும் மாட்டிவிட்டிருந்தார்கள். 2010இல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழியிலும் தொடங்கப்பட்டபோது ஆசிரியர் அறையில் பெரிய வாக்குவாதம் நடந்தது. நான் வாய் திறக்கவில்லை. எனக்கு அந்த நான்கு சீல்கள்தான் ஞாபகத்தில் இருந்தன.

தமிழ் எனக்குக் கைகொடுத்தது வேறோர் இடத்தில். பாடத்திட்டத்தில் தொகைச்சொற்களை விரிக்கும் பகுதியைப் பையன்கள் வெறுத்தார்கள். நான்கைந்து பெயர்ச்சொற்கள் ரயில் பெட்டி போலக் கோத்துக்கொண்டு நிற்கும்: சக்ஷன் பைப் வேக்குவம் கேஜ். இதை விரித்து எழுத வேண்டும். ஒருநாள் பலகையில் 'மண்குடம்' என்று எழுதினேன். தமிழ்வழிப் பிள்ளைகள் கோரஸாக, "மண்ணால் ஆகிய குடம்" என்றார்கள். 'தண்ணீர்க்குடம்?' "தண்ணீரை உடைய குடம், உருபும் பயனும் உடன்தொக்க தொகை!" குடம் ஒன்றுதான், முன்னால் நிற்கும் சொல் அதோடு எப்படி உறவு என்பது உருபில் ஒளிந்திருக்கிறது. கேஜும் அப்படித்தான். சக்ஷன் பைப்பில் உள்ள வேக்குவத்தை அளக்கும் கேஜ். தமிழில் சொல்வரிசைகூட மாறவில்லை. ஒளிந்திருந்த 'இல்'லையும் 'ஐ'யையும் வெளியே இழுத்துப் போட்டால் போதும். ஆங்கிலத்தில் இதையே கடைசிச் சொல்லிலிருந்து தொடங்கி எழுத வேண்டும். அரைமணி நேரத்தில் வகுப்பு முழுவதும் பிடித்துக்கொண்டது. கான்வென்ட்டில் படித்த பிள்ளைகள் முதல்முறையாகப் பக்கத்து பெஞ்சில் சந்தேகம் கேட்டார்கள்.

அந்தத் தைரியத்தில் நன்னூலையும் கொண்டுபோனேன். பவணந்தி முனிவர் ஒரு நூலுக்கு ஆகாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறார். பிளஸ் டூவோடு மறந்துபோனதை மறுபடி எழுதிப் போட்டேன்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல். "பவணந்தி எங்க ஊருப் பக்கமுங்க மேடம்" என்று பின்வரிசையிலிருந்து ஒரு குரல். விஜயமங்கலத்துப் பையன். அங்குள்ள சமணக் கோயிலோடும் பக்கத்துச் சீனாபுரத்தோடும் பவணந்தியைச் சேர்த்துச் சொல்வது கொங்கு வழக்கம். "அப்ப நீதான் சொல்லணும். போன வாரத்துத் தாள்ல 'வால்வைத் திறக்கவும்'னு இருந்துச்சே, அது என்ன குற்றம்?" கொஞ்சம் யோசித்து, "குன்றக் கூறலுங்க. எந்த வால்வுன்னு சொல்லல" என்றான். எண்ணை எழுதி அலகை விடுவதும் அதே குற்றம்தான் என்று சொல்லி, 1999இல் செவ்வாய்க்குப் போன அமெரிக்க விண்கலத்தின் கதையைச் சொன்னேன். ஒரு குழு உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது. மற்றொரு குழுவின் மென்பொருள் அதை நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. 4.45 மடங்கு வித்தியாசம். கலம் தாழப் போய் அழிந்தது.

அந்த விஜயமங்கலத்துப் பையன்தான் பிறகு எனக்குப் பல பாடம் எடுத்தான். ஒருநாள் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலைய விபத்தைப் பற்றிப் பேசினேன். 1979 மார்ச் 28, அமெரிக்காவின் பென்சில்வேனியா. அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறைப் பலகையில் அதற்கான விளக்கு அணைந்தது. அணைந்தால் வால்வு மூடிவிட்டது என்று பணியாளர்கள் நம்பினார்கள். ஆனால் 'மூடு' என்று கட்டளை போய்விட்டது என்பதைத்தான் அந்த விளக்குக் காட்டும்படி அமைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் குளிர்விக்கும் நீர் வெளியேறிக்கொண்டே இருந்தது. உலையின் உள்ளே எரிபொருளில் ஒரு பகுதி உருகியது. விளக்கு சொன்னது ஒன்று, பார்த்தவர் படித்தது வேறொன்று என்று முடித்தேன்.

அவன் கை தூக்கினான். "எங்க ஸ்டார்ட்டர்லயும் அப்படித்தானுங்க மேடம். லைட் எரிஞ்சா கரன்ட் வந்துருச்சுன்னுதான் அர்த்தம், தண்ணி வருதுன்னு இல்ல. எங்கப்பா லைட்ட நம்ப மாட்டாருங்க. மோட்டாரப் போட்டுட்டுப் பைப்பத் தொட்டுப் பாப்பாரு. சில்லுனு இருந்தாத்தான் நகருவாரு."

அண்ணாவிடம் அன்று மாலை இதைச் சொன்னேன். "அவங்கப்பா பலே ஆளுங்க" என்றார்.

இரண்டாம் பருவத்தின் மாடல் தேர்வு வந்தது. பகுதி ஆவில் பதினாறு மதிப்பெண் கேள்வி: உங்கள் விடுதியில் தண்ணீரைச் சிக்கனமாகப் பயன்படுத்த எட்டுப் பரிந்துரைகள் எழுதுக. கேள்வி என்னுடையதுதான். வழக்கம்போலத் தாளுக்குத் தாள் அதே எட்டு. விழிப்புணர்வை ஏற்படுத்த வேண்டும், மழைநீரைச் சேமிக்க வேண்டும், போஸ்டர் ஒட்ட வேண்டும், மரம் நட வேண்டும். இரவு பத்தரை மணிக்கு, தூக்கக் கலக்கத்தில், விஜயமங்கலத்துப் பையனின் தாள் வந்தது. அதில் ஆறுதான் இருந்தன.

மூன்றாம் மாடிக் குளியலறையில் இடமிருந்து இரண்டாவது குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும். இரவு ஒரு வாளி வைத்துப் பார்த்தேன், விடிவதற்குள் நிரம்பிவிட்டது. மேல்தொட்டி நிரம்புவது தெரியாமல் காவலர் மோட்டாரை ஓட விடுகிறார். அவர் உட்காரும் இடத்துக்கு நேராக வழியும் குழாயைத் திருப்பி வைத்தால் அவருக்குச் சத்தம் கேட்கும். மெஸ்ஸில் தட்டுக் கழுவும் தொட்டியின் குழாய் முழங்கை உயரத்தில் இருக்கிறது, கை ஈரமாக இருக்கும்போது யாரும் மூடுவதில்லை. இப்படி ஆறு. ஆங்கிலம் தடுமாறியது. 'டேப்' என்பதில் 'பி' இரண்டு முறை விழுந்திருந்தது. ஆனால் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு ஒரு பிளம்பர் நேராக மூன்றாம் மாடிக்குப் போயிருக்கலாம்.

பரிந்துரைக்கு இரண்டு மதிப்பெண் என்பது என் கணக்கு. ஆறுக்குப் பன்னிரண்டு. பிழைக்கு இரண்டு கழித்துப் பத்து போட்டேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'எட்டு எழுதவும்' என்று குறித்தேன். எழுதவும்.

தாள் கொடுத்த அன்று வகுப்பு முடிந்து வந்து நின்றான். மதிப்பெண்ணுக்குச் சண்டை போடுகிற பையன் இல்லை. "ஆறுக்கு மேல விஷயம் இல்லீங்க மேடம். சுத்திப் பாத்துட்டேன்" என்றான்.

"எட்டுன்னு கேட்டா எட்டு எழுதணும்பா. இல்லேன்னா மார்க் போயிடும்."

"சரிங்க மேடம்."

செமஸ்டர் தேர்விலும் பரிந்துரைக் கேள்வி வந்தது. தேர்வு முடிந்து வெளியே வந்தவனை வழியில் பார்த்து எத்தனை எழுதினாய் என்று கேட்டேன். "எட்டும் எழுதிட்டனுங்க" என்றான். கடைசி இரண்டு என்ன என்றேன். சிரித்தான். "விழிப்புணர்வு ஏற்படுத்தணும்னு ஒண்ணு, போஸ்டர் ஒட்டணும்னு ஒண்ணு. யாருங்க மேடம் படிக்கப் போறாங்க?"

நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். என் வகுப்பில் அந்த முறை தேர்ச்சி விகிதம் அதிகம், துறைத்தலைவர் கைகுலுக்கினார். ஒரு பருவம் முழுக்க, ஒருவர் படித்துச் செயல்படப் போகிறார் என்று எண்ணி எழுது என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவனும் அப்படியே எழுதி என் கையில் கொடுத்தான். நான் அதைத் திருத்தினேன்.

மாடல் தேர்வுத் தாள்களைக் கணக்குக்காக மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். அறுபதையும் அடுக்கி, சணல் கயிற்றால் கட்டி, மேலே வகுப்பும் தேதியும் எழுதி, பரண் அலமாரியில் ஏற்றினேன். விடுதிக் காப்பாளரின் அறை என் அறையிலிருந்து ஐம்பது தப்படி. அந்த ஒரு தாளை உருவிக்கொண்டு போய் அவர் மேசையில் வைத்திருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை. மூன்றாம் மாடியில் இடமிருந்து இரண்டாவது குழாய் எத்தனை நாள் சொட்டியது என்று தெரியாது. இரவுக்கு ஒரு வாளி என்று மட்டும் தெரியும்.